துண்டுக்குள் வராத கை

நாசர் ஒளு எடுக்கப் போனால் மேல்தொட்டி காலியாகிவிடும். மெஹராஜ் மறுபடி மோட்டார் போட வேண்டும். தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவிக்கொள்ள ஒரு சொம்புத் தண்ணீர் தாராளம். அவளுடைய மாமனார் அரைச் சொம்பில் முடித்துவிட்டு மீதியை முருங்கைக்கு ஊற்றுவார். நாசருக்குக் குழாய் திறந்தபடியே இருக்க வேண்டும். விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்து முழங்கை வரை போவார். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

தெருவில் அதற்கு நல்ல பெயர்தான் கிடைத்தது.

"கொரோனா வந்து எம்புட்டோ பேரை அடிச்சுப் போட்டுச்சு. ஒன் வீட்டுக்காரரை மட்டும் அவுலியாவா, பெரிய மகானா ஆக்கிருச்சுடி" என்றாள் எதிர்வீட்டு தாஹிரா.

ஆட்டுத் தரகு பார்த்த மனிதர். வியாழக்கிழமை என்றால் விடியுமுன் அய்யலூர் சந்தைக்குக் கிளம்பி, திண்டுக்கல் கறிக்கடைகளுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் ஆடு பிடித்துக் கொடுப்பவர். அன்றைக்கு மதியத் தொழுகை தவறிப் போவது வழக்கம். அப்படிப்பட்டவர் சந்தையையே விட்டுவிட்டு ஐந்து வேளையும் வீட்டில் தொழுகிறார் என்றால் யார்தான் குறை சொல்வார்கள்? முதலில் மெஹராஜுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை ஒரு மாலையில் போயிற்று. தொழுது முடித்து, விரிப்பை மடித்து வைத்துவிட்டு நாசர் நேரே குழாயடிக்குப் போனார்.

"இப்ப எதுக்கு?" என்றாள்.

"கை அழுக்கு."

"தொழுத விரிப்புல என்ன அழுக்கு?"

"விரிப்புல இல்ல. கையில."

தொழுகைக்கு முன்னால் கழுவினால் அது ஒளு. தொழுது முடித்த பிறகு கழுவினால் அதற்கு என்ன பெயர்? அவள் அன்றிரவு அவர் கைகளை உற்றுப் பார்த்தாள். விரலிடுக்குகள் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தன. ரசம் பட்டால் எரிகிறதென்று அவர் கரண்டியால் சாப்பிட ஆரம்பித்துப் பல நாட்கள் ஆகியிருந்தன. அதையும் அவள் ஏதோ புதுப் பழக்கம் என்றே நினைத்திருந்தாள்.

பெருநாள் அன்று மகள் ரிஃபாத் புதுச் சட்டையோடு ஓடி வந்து அவர் மடியில் விழப் போனாள். நாசர் நெருப்பைக் கண்டவர்போல எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். "எங்கிட்ட வராத, எங்கிட்ட வராத" என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். குழந்தை அழவில்லை. சட்டையைக் குனிந்து பார்த்து, "அழுக்கா இல்லயே அத்தா" என்றது.

மறுநாளே மெஹராஜ் பள்ளிவாசல் ஹஜ்ரத் அப்துல் ஹக்கீமை வீட்டுக்கு வரவழைத்தாள். அவர் நாசரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாசலில் வந்து செருப்பை மாட்டியபடியே சொன்னார்:

"இது ஒளு இல்லம்மா. வஸ்வாஸ்னு சொல்லுவோம். மனசுக்குள்ள ஒரு சந்தேகம் பூந்து அரிச்சுக்கிட்டே இருக்கும். நான் ஓதிட்டுப் போறேன். ஆனா ஓதுனதோட விட்ராத. மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ."

டாக்டரிடம் போகலாம் என்று அவள் கூப்பிட்டபோது நாசர் அசையவில்லை. "நம்மளையெல்லாம் உள்ள விடுவாகளாக்கும்?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டாயிரத்து இருபதில், ஊரடங்கு தொடங்கிய கையோடு, டெல்லிக்குப் போய் வந்த ஒருவருக்கு அந்தத் தெருவில் காய்ச்சல் கண்டது. அதற்காகத் தெரு முழுவதையும் தகரம் வைத்து அடைத்தார்கள். நோய்க்காக அடைத்தார்கள் என்றால் மெஹராஜ் ஒப்புக்கொண்டிருப்பாள். ஆனால் அடுத்த மாதம் மூன்று தெரு தள்ளி ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் நாலு பேருக்கு வந்தபோது, அந்த வீட்டுக் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், அதோடு சரி. அங்கே நோய் வீட்டுக்கு வந்தது. இங்கே தெருவே நோயாகிவிட்டது. நாசர் டெல்லியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அவரையும் வேனில் ஏற்றி ஒரு கல்லூரி விடுதியில் வைத்திருந்து, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்பதை யாரும் வாட்சப்பில் போடவில்லை. அவர்களிடம் எதுவும் வாங்காதீர்கள், எச்சில் தொட்டுத் தருகிறார்கள் என்ற குரல் மட்டும் எல்லார் போனிலும் சுற்றியது. பால்காரர் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, பாத்திரத்தில் படாமல் உயரத் தூக்கி ஊற்றினார். பாதி பால் தரையில் போயிற்று.

அந்தக் காலமெல்லாம் முடிந்து தகரத்தை எடுத்துவிட்டார்கள். சந்தை திறந்தபோது நாசர் ஒரே ஒரு வியாழக்கிழமை போய் வந்தார். "யாவாரம் சரியில்ல" என்றார். பிறகு போகவே இல்லை. மெஹராஜ் ஜாக்கெட் தைத்த கூலியில் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் அலை அடங்கிய பிறகு, ஓர் அறக்கட்டளை கல்யாண மண்டபம் ஒன்றில் இலவச மனநல முகாம் நடத்துவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மெஹராஜ் நாசரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனாள்.

மண்டபத்தில் மணமேடைக்குக் கீழே பச்சைத் துணித் தட்டி வைத்துத் தடுத்திருந்தார்கள். ஒரு தட்டிக்குப் பின்னால் ஆலோசகர். அடுத்ததற்குப் பின்னால் டாக்டர் சுகன்யா. ஆலோசகர் பார்த்து, தேவையென்றால் டாக்டரிடம் அனுப்புவார். வரிசையில் நாசருக்கு முன்னால் ஒருவர் நாற்காலியில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் கைப்பிடியை அவரும் தொடவில்லை, நாசரும் தொடவில்லை. இருவரும் கைகளை வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தார்கள். பிறகு அவர் நாசரின் கைகளைப் பார்த்தார்.

"எந்த சோப்பு பாய்?"

"துணி சோப்பு."

"அய்யோ, அது அரிச்சிரும். நானும் மொதல்ல அதான் போட்டேன். குளிக்கிற சோப்பையே போடுங்க."

"அதுல அழுக்குப் போன மாதிரி இல்லயே சார்."

"போகாதுதான். எதுல போட்டாலும் போகாது" என்றார் அவர். இருவரும் சிரித்துவிட்டார்கள். நாசர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று மெஹராஜ் நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

அவர் பெயர் மணிமாறன். வடமதுரைப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார். கூப்பிட்டதும் தட்டிக்குப் பின்னால் போனார். துணித் தட்டி எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் வெளியே கேட்டது.

"சார், இது ஒரு நோய்" என்றது ஆலோசகரின் குரல், கனிவாக. "சர்க்கரை, பிரஷர் மாதிரிதான். கொரோனாவுக்கு அப்புறம் நெறையப் பேருக்கு வந்திருக்கு. நீங்க வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. ஒங்க தப்பும் இல்ல. மாத்திரை இருக்கு, பயிற்சி இருக்கு. சரியாயிரும். டாக்டரம்மாவைப் பாத்துட்டுப் போங்க."

மெஹராஜுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அதே வார்த்தைகள் இன்னும் கொஞ்ச நேரத்தில் நாசருக்கும் கிடைக்கப் போகின்றன. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

ஆலோசகர் நாசரின் தாடியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். கைகளைப் பார்க்கவில்லை.

"ஒக்காருங்க பாய். என்ன?"

"கை கழுவிக்கிட்டே இருக்காக சார். நாள் பூரா" என்றாள் மெஹராஜ்.

"அஞ்சு வேளை தொழுகுறவர்தான? ஒங்க பழக்கமே அதானம்மா."

"தொழுது முடிச்ச பெறகும் கழுவுறாக."

"பக்தி கொஞ்சம் கூடிப்போச்சு. ஒங்க ஹஜ்ரத்து யாராச்சும் இருப்பாரே, அவர்ட்ட கூட்டிட்டுப் போங்க. கொறச்சுக்கச் சொல்லுவாரு."

"ஹஜ்ரத்துதாங்க எங்கள இங்க அனுப்புனாரு!"

அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "சத்து மாத்திரை தாரேன். வெடிப்புக்கு ஒரு களிம்பு. கொரோனா ஊசி போட்டாச்சா? ஒங்காளுக யாரும் போட வர மாட்டேங்குறாகளாமே?"

"மொத நாளே போட்டாச்சு" என்றார் நாசர் மெதுவாக. பிறகு எழுந்தார். "போவோம் மெஹராஜ். நான் சொன்னேன்ல."

மெஹராஜ் எழவில்லை. சத்தம் போட்டுப் பழக்கப்பட்டவள் அல்ல அவள். தெருவை அடைத்தபோதும் போடவில்லை. பால் தரையில் கொட்டியபோது துடைத்துவிட்டு உள்ளே போனவள்தான். இப்போதும், தான்தான் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்ற தயக்கம் இருந்தது. அடுத்த தட்டிக்குப் பின்னால் டாக்டரின் கேள்விக்கு மணிமாறன் பதில் சொல்வது கேட்டது: நாள் பூரா கழுவுறேன் டாக்டர், எதைத் தொட்டாலும் கழுவுறேன். தயக்கம் போய்விட்டது.

"அந்த சாரும் கைதான் கழுவுறாரு. எங்க வீட்டுக்காரரும் கைதான் கழுவுறாரு" என்றாள். குரல் மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை போயிற்று. "அவருக்கு நோயி, எங்களுக்கு மட்டும் மதமா? கொரோனா வந்தப்ப எங்க தெருவையே நோயின்னீங்க. இப்ப நெசமாவே நோயின்னு வந்து நிக்கிறோம், போய் ஹஜ்ரத்தப் பாருங்கிறீங்க. நாங்க எப்பத்தான் சார் நோயாளி?"

"சத்தம் போடாதீங்கம்மா, நான் ஒங்க நல்லதுக்குத்தான்..." என்று ஆலோசகர் எழுந்தபோது, டாக்டர் சுகன்யா தட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. நாசரின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கையைக் காட்டுங்க" என்றார்.

நாசர் காட்டினார். டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"எப்ப ஆரம்பிச்சது? ஏதாவது நடந்துச்சா?"

நாசர் தரையைப் பார்த்தபடி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வலது கையின் மேல் அதைப் போர்த்தி, போர்த்திய கையை டாக்டரை நோக்கி நீட்டினார். அப்படியே நின்றார். டாக்டருக்குப் புரியவில்லை. மெஹராஜுக்கும் முழுதாகப் புரியவில்லை. அது சந்தையில் செய்வது என்று மட்டும் தெரிந்தது.

டாக்டருக்குப் பின்னாலேயே வந்திருந்த மணிமாறனுக்குத்தான் புரிந்தது. "டாக்டர், இது ஆட்டுச் சந்தைப் பேச்சு" என்றார். "எங்கப்பா ஆடு விக்கைல பாத்திருக்கேன். வெலைய வாயால சொல்ல மாட்டாக. துண்டுக்குள்ள ரெண்டு பேரும் கையைக் கொடுத்து, விரலைப் பிடிச்சுச் சொல்லிக்குவாக. பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது. நம்ம கையை உள்ள விடணும்."

சொல்லிவிட்டு அவர் தன் கையைப் பார்த்தார். அதில் இன்னும் ஈரம் காயவில்லை. மெல்ல நடந்து நாசருக்கு எதிரில் வந்து நின்றார். கை துண்டின் விளிம்பு வரை போயிற்று. நெற்றியில் வேர்த்தது. துணியைத் தொட்டதும் சுட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

"முடியல பாய்" என்றார். கண் கலங்கியிருந்தது. "நான் மனசார நெனச்சேன். முடியல."

"பரவால்ல சார்" என்றார் நாசர். அவர் குரல் தெளிவாக இருந்தது. "ஒங்களுக்கு முடியல. அது எனக்குத் தெரியும். ஒச்சப்பன் மாமாவுக்கு முடியாம இல்ல."

பிறகு சொன்னார். சந்தை திறந்த அந்த வியாழக்கிழமை. கிராமத்திலிருந்து ஆடு கொண்டுவரும் ஒச்சப்பன், பல வருடங்களாக வாரம் தவறாமல் நாசரின் துண்டுக்குள் கைவிட்ட ஒச்சப்பன், மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அன்று நாசர் துண்டைப் போர்த்திக் கையை நீட்டியதும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கை வேணாம் பாய். வெலைய வாயாலயே சொல்லுங்க" என்றார். பாய் என்றார். நாசர் சத்தமாக விலை சொன்னார். சந்தையே கேட்டது. பக்கத்துத் தரகர் சடையாண்டி அதற்குமேல் கொஞ்சம் ஏற்றித் துண்டை நீட்டினார். கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுக்கு வந்தவர் சடையாண்டி, இன்னும் இருமிக்கொண்டிருந்தார். அவருடைய துண்டுக்குள் ஒச்சப்பனின் கை போயிற்று. அடுத்த ஆளிடமும் அப்படியே. அதற்கடுத்த ஆளிடமும். நாசர் வெயிலில் கையை நீட்டியபடியே நின்றார்.

"வீட்டுக்கு வந்து கையைக் கழுவுனேன் டாக்டரம்மா. போகல. அவுக எல்லாருக்கும் எதோ தெரியிற மாதிரி இருந்துச்சு. எனக்கு மட்டும் தெரியாத எதோ ஒண்ணு எங்கையில இருக்குன்னு."

மெஹராஜ் சேலை முனையைக் கடித்துக்கொண்டாள். ஒச்சப்பன். பெருநாளைக்கு அவள் கையால் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ஒரு கரண்டி வையி தாயி" என்று இலையை நீட்டுகிற ஒச்சப்பன்.

டாக்டர் சுகன்யா எழுதிக்கொண்டே சொன்னார்: "இது நோய்தான். சாருக்கு இருக்கிற அதே நோய். மாத்திரை எழுதுறேன். கொஞ்சங்கொஞ்சமா கழுவாம இருக்கப் பழக்கணும், அதுக்கு வாராவாரம் வாங்க. கொறைய நாளாகும், ஆனா கொறையும்." பிறகு ஆலோசகரைத் திரும்பிப் பார்த்தார். "அவருக்குச் சொன்னதை இவருக்கும் சொல்லுங்க. மொதல்லேர்ந்து."

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "பாய், இது ஒரு..."

"அவர சாருன்னு சொன்னீங்க" என்றாள் மெஹராஜ்.

"சார். இது ஒரு நோய். சர்க்கரை, பிரஷர் மாதிரிதான். கொரோனாவுக்கு அப்புறம் நெறையப் பேருக்கு வந்திருக்கு. வெக்கப்பட ஒண்ணுமே இல்ல."

"இன்னும் ஒண்ணு இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க தப்பும் இல்லன்னு சொன்னீங்க."

"ஒங்க தப்பும் இல்ல" என்றார் ஆலோசகர்.

நாசர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும்தான். ஆனாலும் வாராவாரம் போனார்கள். டாக்டர் ஒரு நாணயத்தைத் தொடச் சொல்லி, கழுவாமல் உட்காரவைத்தார். நாசர் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பார். எதிரே மணிமாறனும் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பார். "பாய், எம்பையன் சிரிக்கிறான், பரிச்ச எழுதுறியாப்பான்னு" என்பார். விரல் வெடிப்புகள் மெல்ல மூடின. ஒருநாள் ரிஃபாத் அவர் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்தாள். அவர் எழுந்து ஓடவில்லை. பார்த்தும் பாராததுபோல மெஹராஜ் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த வருடம் பக்ரீத்துக்கு முந்தின வாரம், வீட்டெதிரே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் ஆடுகள். முன்னால் இருந்து ஒச்சப்பன் இறங்கினார். குர்பானி ஆடு வாங்குகிறவர்கள் வேண்டும், அவர்களுக்கு நாசரின் வாக்கு வேண்டும். வேறு எதற்கு வருவார்?

"மாப்ள! வீட்ல இருக்கியா?"

நாசர் வாசலுக்கு வந்தார். மெஹராஜ் கதவோரம் நின்றாள். எதிர்வீட்டில் தாஹிரா முறத்தோடு வெளியே வந்தாள்; இன்னும் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"எளச்சுட்டியேய்யா" என்றார் ஒச்சப்பன். "பாரு, ஒனக்குன்னே பொறுக்கிக் கொண்டாந்திருக்கேன், அம்புட்டும் வெள்ளாடு." பேசிக்கொண்டே தன் துண்டை எடுத்துக் கையில் போர்த்தி நீட்டினார். "வா, கையக் கொடு."

மெஹராஜின் கண் தானாகக் குழாயடிக்குப் போயிற்று. நாசர் ஓடிவிடுவார் என்று நினைத்தாள். அவர் ஓடவில்லை. நீட்டிய துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெலைய வாயாலயே சொல்லுங்க" என்றார்.

"என்ன மாப்ள, நாலு பேரு கேக்கவா?"

"அன்னைக்கும் நாலு பேரு கேட்டாகல்ல."

ஒச்சப்பன் முகம் சுருங்கியது. "அத இன்னுமா வச்சிருக்க? அப்ப எல்லாருக்கும் பயம்யா. உசுருப் பயம்."

"சடையாண்டி இருமிக்கிட்டு நின்னான். அவன் துண்டுக்குள்ள ஒங்க கை போச்சு. அங்க என்ன பயம் மாமா? நோய்க்குப் பயந்தீகளா, எனக்குப் பயந்தீகளா?"

துண்டுக்குள் ஒச்சப்பனின் கை தனியாக நின்றது. மெஹராஜைப் பார்த்து, "நீயாச்சும் சொல்லு தாயி" என்றார்.

"கையை நீட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நிக்காதீகண்ணே. கை கடுக்கும்" என்றாள் மெஹராஜ். "அன்னைக்கு அப்படி நின்ன அவுகளுக்குத் தெரியும்."

வண்டியில் ஓர் ஆடு கத்தியது. ஒச்சப்பன் துண்டை எடுத்தார். அதை மடிப்பதா தோளில் போடுவதா என்று தெரியாமல் கசக்கினார். பிறகு விலையைச் சொன்னார், உதட்டுக்குள்.

"எங்களுக்குக் கேக்கலயே!" என்றாள் தாஹிரா, முறத்தைத் தட்டியபடி.

மறுபடி சொன்னார். இந்த முறை தெரு முழுவதும் கேட்டது.

"ஆடு வேணுங்கிறவுககிட்ட இதே வெலையச் சொல்றேன். வாங்குறதும் வாங்காததும் அவுக பாடு" என்றார் நாசர். "இன்னும் ஒண்ணு. இனிமே எங்கிட்ட எப்பவும் வாயாலதான்."

உள்ளே வந்தார். நேரே குழாயடிக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. மெஹராஜ் மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அந்த ஒச்சப்பன் ஐந்து நிமிடத்தில் இவ்வளவையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டாரே. ஆடு விற்றுவிடும், அவர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுத் தூங்குவார். மாத்திரை தின்பது இங்கே.

தண்ணீர் மூன்றாம் முறை ஓடியது. சீக்கிரமே நின்றது. நாசர் கையை உதறிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்தார். அவள் ஸ்விட்சருகே நிற்பதைப் பார்த்தார்.

"போட வேணாம்" என்றார். "தொட்டில தண்ணி இருக்கு."